இருகுடி மரபும் இக்கால ஓவியமும்

நதிமூலமும் ரிஷிமூலமும் வினவலாகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆறும் முனிவரும் பெற்ற இவ்விலக்கினை எளிய மக்கள் பெற்றிலர். ‘நீ எவ்வூர்? யார் வயிற்றிற் பிறந்தாய்? எம்மரபினை?’ என்னும் வினாக்கள் பிறந்த நாள்தொட்டு இறக்கும் நாள்காறும் ஒவ்வொருவரையும் தொடர்ந்து வருகின்றன. பள்ளியிற் சேருங்கால் ஒரு தாள். தொழில் வேண்டுங்கால் ஒரு தாள். நாட்டெல்லை கடக்குங்கால் ஒரு தாள். தாள்தோறும் ஒரு கட்டம். கட்டந்தோறும் ஒரு விடைக்கே இடம். தாய் ஓர் இனத்தினளாகவும் தந்தை பிறிதோர் இனத்தினனாகவும் அமையப் பிறந்தோர் அவ்வொரு கட்டத்துள் யாது எழுதுவர்? ஒன்றை எழுதின் மற்றொன்றை மறைத்தவராவர். இரண்டையும் எழுதின், ‘இவர் எங்கும் சேராதார்’ என ஒதுக்கப்படுவர்.

இத்தகையோரை இக்கட்டுரையில் ‘இருகுடி மரபினர்’ என வழங்குவோம். இவருள் ஓவியராகவும் நிழற்படக் கலைஞராகவும் திரைப்படம் எடுப்பவராகவும் விளங்குவோர் பலர், தம் பிறப்பின் வரலாற்றைக் கூறுதற்கு அரசாங்க ஏடுகளை நாடாது, இரண்டு எளிய கருவிகளைக் கையாண்டு வருகின்றனர். ஒன்று, கர்ணபரம்பரையாக வழங்கிவரும் நாடோடிக் கதை. மற்றொன்று, பாட்டனும் பாட்டியும் பெற்றோரும் விட்டுச் சென்ற குடும்ப நினைவு. ஏடு ஒரு விடையையே ஏற்கும். பாட்டி கூறும் கதையோ இரண்டனையும் ஏற்கும். இவ்வேறுபாடே இவர்தம் கலைக்கு வித்தாயிற்று என்பது எம் கருத்து. அதனை நால்வர் வாழ்வினையும் படைப்பினையும் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வமிசாவளிப் படம்

இக்காலத்தார்க்கு முன்னோடியாக நின்றவர் மெக்ஸிகோ நாட்டு ஓவியர் பிரீடா காலோ அம்மையார் (1907–1954). இவர்தம் தந்தையார் ஜெர்மனி நாட்டிற் பிறந்து, 1891-ஆம் ஆண்டில் மெக்ஸிகோவிற் குடியேறி, நிழற்படம் எடுக்கும் தொழிலாற் புகழெய்தியவர். தாயார் அந்நாட்டின் தென்பகுதியாகிய ஒவாஹாக்காவிற் பிறந்தவர். ஸ்பானியர் குருதியும் பழங்குடியினர் குருதியும் அவர்பாற் கலந்திருந்தன.

1936-ஆம் ஆண்டில் அம்மையார் ‘என் பாட்டன் பாட்டியர், என் பெற்றோர், யான்’ என்னும் ஓவியத்தை வரைந்தனர். நீளமும் அகலமும் ஒரு முழத்திற்குங் குறைந்த துத்தநாகத் தகடு ஒன்றின்மீது அது தீட்டப்பெற்றுள்ளது. நியூயார்க்கு நகரத்து நவீன கலைக் காட்சிச்சாலையில் இன்றும் காணலாம். நடுவே, தாம் பிறந்து வளர்ந்த நீலநிற வீட்டின் முற்றத்தில், ஆடையற்ற சிறு குழந்தையாகப் பிரீடா நிற்கின்றார். அவர் கையில் ஒரு செந்நிற நாடா. அந்நாடா மேலெழுந்து பெற்றோரைத் தழுவி, இரு கிளையாகப் பிரிந்து, ஒருபால் தாயைப் பெற்றோரையும், மற்றொருபால் தந்தையைப் பெற்றோரையும் சென்று சேர்கின்றது. தாய்வழியினர் மெக்ஸிகோ நாட்டு மலைநிலத்தின்மீது விளங்குகின்றனர். தந்தைவழியினர் கடலின்மீது விளங்குகின்றனர். பெற்றோர் உருவம் அவர்தம் திருமண நாளில் எடுத்த நிழற்படத்தைத் தழுவியது. நாடா நிலத்தையும் கடலையும் ஒருங்கே பற்றியிருக்க, அதன் முனை ஒரு குழந்தையின் சிறு கையில் அடங்கிக் கிடக்கின்றது.

இவ்வோவியம் தோன்றிய காலத்தை நோக்குங்கால் அதன் பொருள் மேலும் விளங்கும். 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜெர்மனியின் நாஜி அரசாங்கம் நூரெம்பர்க்குச் சட்டங்களை இயற்றிற்று. யூதரும் ஜெர்மானியரும் மணந்துகொள்ளுதல் தடுக்கப்பட்டது. ஒருவனுடைய பாட்டன் பாட்டியர் நால்வருள் எத்துணைப் பேர் யூதர் என எண்ணி, அவன் குடியுரிமையை உறுதி செய்தனர். இக்கணக்கினை மக்கட்கு அறிவுறுத்த வமிசாவளிப் படங்களை அச்சிட்டனர். வெள்ளை வட்டம் ஓரினத்திற்கும் கரிய வட்டம் மற்றோரினத்திற்கும் அடையாளமாயின. மறு ஆண்டே, மெக்ஸிகோவில், ஜெர்மானியத் தந்தைக்குப் பிறந்த ஒரு மகள் அதே வமிசாவளிப் படத்தைக் கையிலெடுத்தனர். ஆண்டுக் கலப்பினை வெறுத்து ஒதுக்குதற்கு வரையப்பட்டது, ஈண்டுக் கலப்பினைப் போற்றுதற்கு வரையப்பட்டது. கருவி ஒன்றே, கருத்து வேறு.

நாட்டு வழக்கும் இதனுள் உண்டு. நோய் தீர்ந்தாரும் இடர் நீங்கினாரும் நன்றிக் காணிக்கையாகச் சிறு தகடுகளிற் சித்திரம் எழுதுவித்துத் தேவாலயங்களிற் சார்த்துதல் மெக்ஸிகோ நாட்டு எளிய மக்கள் வழக்கம். அத்தகைய தகட்டோவியங்களை அம்மையார் பெரிதும் விரும்பித் தொகுத்து வைத்திருந்தனர். தம் குடும்ப வரலாற்றினை எழுதப் பெருந்துணியை நாடாது சிறு தகட்டினை நாடியதன் காரணம் இதனால் இனிது புலனாகும்.

குடும்பப் படத்தொகுதி

நம் நாட்டிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. அம்ருதா ஷேர்கில் அம்மையார் (1913–1941) ஹங்கேரி நாட்டுத் தாய்க்கும் பஞ்சாபிச் சீக்கியத் தந்தைக்கும் புடாபெஸ்டு நகரிற் பிறந்து, பாரிசு நகரில் ஓவியம் பயின்று, இந்தியாவிற்கு மீண்டு, 1937-இல் தென்னாடு முழுதும் சுற்றிக் கண்ட மக்களைத் தம் ஓவியங்களில் அழியாது நிறுத்தியவர். இருபத்தெட்டாம் வயதிலேயே லாகூரிற் காலமாயினர். இவர்தம் தங்கை மகனாராகிய விவான் சுந்தரம் (1943–2023) பிறந்தபோது பெரியன்னையார் உயிரோடிலர். ஆயினும் பாட்டனார் உம்ராவ் சிங் எடுத்து வைத்த நிழற்படங்கள் வீட்டிலிருந்தன.

2001, 2002-ஆம் ஆண்டுகளில் சுந்தரம் அப்பழைய படங்களைக் கணிப்பொறியின் துணையால் ஒன்றனோடொன்று இணைத்துப் புதிய படங்களை ஆக்கினர். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நாடுகளில் எடுக்கப்பெற்ற உருவங்கள் ஒரே அறையுள் வந்து கூடுகின்றன. இளமை நீங்கிய தந்தையும் இளமை நீங்காத மகளும் அருகருகே நிற்கின்றனர்; ஐரோப்பிய உடையிலிருக்கும் அம்ருதாவைப் புடவையணிந்த அம்ருதா காண்கின்றார். இவ்வாறு ஒரு நாளும் நிகழ்ந்ததில்லை. ஆயினும், குடும்பத்தார் ஒருவரை நினைக்குங்கால் இவ்வாறே நினைக்கின்றனர் அன்றோ? நினைவுக்கு ஆண்டு வரிசை இல்லை. குழந்தைப் பருவமும் முதுமையும், புடாபெஸ்டும் சிம்லாவும், நினைப்போர் நெஞ்சில் ஒருங்கே நிற்கின்றன. நிழற்படம் கூறாத இவ்வுண்மையைச் சுந்தரத்தின் கூட்டுப்படம் கூறிற்று.

இரு வீட்டுப் பேய்க்கதைகள்

நிற்க. நிழற்படமும் வமிசாவளியும் வீட்டில் இருந்தாரைக் குறித்தே இதுகாறும் கூறினோம். அவை இல்லாதார் யாது செய்வர்? வீட்டினின்றும் குழந்தைகளைப் பிரித்தெடுத்த நாடுகளும் உலகில் இருந்தன. ஆஸ்திரேலியாவில், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும், பழங்குடியினர் குழந்தைகள், சிறப்பாகக் கலப்பு மரபினராய குழந்தைகள், அரசாங்க ஆணையாற் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிகளிலும் வெள்ளையர் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டனர். பழங்குடி மரபு காலப்போக்கில் வெள்ளையர் மரபினுட் கரைந்து மறையும் என்பது ஆட்சியாளர் எண்ணம். இக்கொடுமையை விரித்துரைத்த விசாரணை அறிக்கை 1997-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் அந்நாட்டுப் பிரதம மந்திரி கெவின் ரட் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கோரினர்.

இந்நாட்டினர் டிரேசி மோபட் அம்மையார். 1960-ஆம் ஆண்டில் பிரிஸ்பேன் நகரிற் பிறந்து, பழங்குடி மரபினராய இவர், இளமையில் வெள்ளையர் குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பெற்றனர். 1989-இல் இவர் எடுத்த ‘இரவு ஓலங்கள்’ என்னும் சிறு திரைப்படம் பதினேழு நிமிடங்களே ஓடும். நடுவயதெய்திய பழங்குடி மகள், நடக்கவும் உண்ணவும் இயலாத வெள்ளை வளர்ப்புத் தாய்க்குப் பணிவிடை செய்கின்றாள். இருவருக்குமிடையே உரையாடல் இல்லை. மகள் உள்ளத்தில் வெறுப்பும் உண்டு, பரிவும் உண்டு. தப்பிச் செல்லும் அவாவும் உண்டு, தாய் இறந்துவிடுவாளோ என்னும் அச்சமும் உண்டு. தாய் இறந்தபின் மகள் குழந்தைபோற் சுருண்டு கிடந்து அழுவதனோடு படம் முடிகின்றது. ‘இவள் யார் மகள்?’ என்னும் வினாவிற்கு அரசாங்கத் தாள் கூறும் விடை ஒன்று. இவ்வழுகை கூறும் விடை வேறொன்று.

1993-ஆம் ஆண்டில் இவர் எடுத்த ‘பிடெவில்’ என்னும் படம், ஆஸ்திரேலியப் பழங்குடிப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படமாகும். மூன்று பேய்க்கதைகளால் ஆயது. இக்கதைகள் மோபட் அம்மையார் இளமையிற் கேட்டவற்றினின்றும் எழுந்தவை. சில பழங்குடி உறவினர் கூறியவை. சில ஐரிஷ் மரபினராகிய வெள்ளை உறவினர் கூறியவை. இரு வீட்டிலும் மாலைப் பொழுதிற் பேய்க்கதை வழங்கிற்று என்பதே கருதத்தக்கது. சட்டம் பிரித்து வைத்த இரு குடியினரும் அச்சத்தில் ஒன்றாயிருந்தனர்.

முதற்கதையை மட்டும் ஈண்டுக் கூறுவோம். ஒரு தீவிலுள்ள சதுப்பு நிலத்தில் அமெரிக்கப் போர்வீரன் ஒருவன் அமிழ்ந்து மாண்டான். அச்சதுப்பினைத் தூர்த்து அதன்மீது சினிமாக் கொட்டகை எழுப்பினர். மாண்டவன் பேயாகி அங்கே உறைந்து, ஒரு பழங்குடிச் சிறுவனைப் பற்றி அலைக்கழிக்கின்றான். இக்கதையை இருவர் கூறுகின்றனர். ஒருவன், வளர்ந்து சிறைப்பட்டிருக்கும் அச்சிறுவனே. மற்றவள், அத்தீவில் வசதியுடன் வாழ்ந்த ஒரு வெள்ளை மூதாட்டி. அவள் இனிய குரலிற் பழைய நாட்களை நினைவு கூர்கின்றாள். அச்சிறுவன் வீட்டிற் பட்ட துன்பத்தை அறிந்தும் வாளா இருந்தமை அவள் பேச்சினூடே வெளிப்படுகின்றது. நிகழ்ச்சி ஒன்று, நினைவு இரண்டு. இவற்றுள் எது மெய் என்று அம்மையார் தீர்ப்புக் கூறவில்லை. இரண்டனையும் அடுத்தடுத்து வைத்து விலகி நிற்கின்றார். பேய் யாது என்பதனைக் காண்போரே உய்த்துணர்கின்றனர். தூர்த்தும் தூராத பழைய குற்றமே அப்பேய்.

இப்படங்களின் நிலக்காட்சிகள் பெரும்பாலும் மெய்யான வெளியில் எடுக்கப்பட்டவையல்ல. அரங்கினுள் வண்ணம் தீட்டி அமைத்தவை. வானம் செயற்கையாகச் சிவந்திருக்கும். மண் செயற்கையாக மின்னும். இளமையிற் கேட்ட கதை நம் மனக்கண்ணில் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே அது தோன்றுகின்றது.

பின்னோக்கிய பாதங்கள்

இனி, எம் கருத்தினை முற்றும் விளக்கும் ஓவியரிடம் வருவோம். கரீபியக் கடலில் ஹிஸ்பானியோலா என்றொரு தீவு உளது. அதன் மேல்பகுதி ஹெய்ட்டி. கீழ்பகுதி டொமினிக்கன் குடியரசு. ஹெய்ட்டி, அடிமைப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போராடி வென்று 1804-ஆம் ஆண்டில் நிறுவிய நாடு. டொமினிக்கன் குடியரசோ, ஹெய்ட்டியின் ஆட்சியினின்றும் 1844-இற் பிரிந்து தனிநாடாயிற்று. அதனால், ‘யாம் ஹெய்ட்டியர் அல்லோம்’ என்பதே தம் நாட்டுணர்வின் அடிப்படை எனக் கருதினார் அங்குப் பலர்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சர்வாதிகாரி துருஹியோவின் ஆணையால், எல்லைப் பகுதியில் வாழ்ந்த ஹெய்ட்டிய மரபினர் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். போர்வீரர் ஒரு கீரைக் கொத்தினைக் காட்டி, ‘இதன் பெயர் யாது?’ என வினவினர் என்றும், அதன் ஸ்பானியப் பெயராகிய ‘பெரெஹில்’ என்பதிலுள்ள ரகரத்தைத் திருந்த ஒலிக்க இயலாதாரை ஹெய்ட்டியர் எனத் துணிந்து வெட்டினர் என்றும் கூறுவர். ஓர் எழுத்தொலி உயிர்க்கு எல்லையாயிற்று. இதனினும் வியப்பொன்று உண்டு: கொலைக்கு ஆணையிட்ட துருஹியோவின் தாய்வழிப் பாட்டியார் ஹெய்ட்டிய மரபினரே. தன் குடும்ப நினைவைத் தானே அழிக்க முயன்ற ஒருவன், பிறர் குடும்பங்களையும் அழித்தனன். அந்நாட்டு அடையாளச் சீட்டுகளில் நெடுங்காலம், கரிய நிறத்தாரையும் கலப்பு நிறத்தாரையும், அத்தீவின் பழங்குடியினர் வழி வந்தார் போல, ‘இந்தியோ’ எனக் குறித்து வந்தனர். ஆப்பிரிக்கா என்னும் சொல்லுக்கு அக்கட்டத்துள் இடமில்லை. 2013-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று, 1929-ஆம் ஆண்டிற்குப்பின் முறையான குடியேற்ற உரிமையில்லாத பெற்றோர்க்குப் பிறந்தார் குடிமக்கள் அல்லர் என்றது. அத்தீர்ப்பால் நாடிழந்தாருட் பெரும்பாலோர் ஹெய்ட்டிய மரபினர். மறு ஆண்டு இயற்றிய சட்டமொன்று இக்குறையை ஒருபகுதியே நீக்கிற்று.

இத்தீவில், டொமினிக்கத் தாய்க்கும் ஹெய்ட்டிய மரபினராகிய தந்தைக்கும் 1981-ஆம் ஆண்டிற் பிறந்தவர் பிரெலெய் பாயெஸ் அம்மையார். இளமையில் இரு நாட்டெல்லையிலுள்ள தஹாபோன் என்னும் ஊரில் வளர்ந்து, பின்னர் அமெரிக்காவின் மயாமி நகரிற் குடியேறி, நியூயார்க்கிற் கலை பயின்றனர்.

டொமினிக்க நாட்டுப்புறத்தில் ‘சிகுவாப்பா’ என்னும் மலைவாழ் பெண்ணைப் பற்றிய கதை வழங்குகின்றது. அவள் கூந்தல் உடல் முழுதும் போர்த்திருக்கும். பகலில் மறைந்திருந்து இரவில் உலவுவாள். அவள் கண்ணை நோக்கினார் மீளார். அவள் பாதங்கள் பின்னோக்கி அமைந்தவை. ஆகவே, அவள் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் செல்வோர் அவள் சென்ற திசைக்கு நேரெதிரே செல்வர். முழுநிலா இரவில், கருமையும் வெண்மையும் கலந்த நாய் ஒன்றே அவளைப் பிடிக்கவல்லது என்பர். வட இந்தியாவிலும் பாதம் பின்னோக்கிய பெண்பேயைப் பற்றிய கதை உண்டு. நம் தமிழ்நாட்டிலோ பேயின் கால் நிலத்திற் பாவாது என்பர். சிகுவாப்பாவின் கதை அத்தீவின் பழங்குடியினராகிய தைனோ மக்களிடையே தோன்றியது என்பாரும், கடல் கடந்து வந்தோர் கொணர்ந்தது என்பாரும் உளர். எனவே, கதையே இருகுடிப் பிறப்பினதுபோலும்!

அடக்கமில்லாப் பெண்ணை அச்சுறுத்தற்கு முதியோர் இக்கதையைக் கூறுவதுண்டு. பாயெஸ் அம்மையார் அக்கதையைக் கேட்டவாறே வரைந்தாரல்லர். அதன் பொருளைத் திருப்பினர். அவர் வரையும் சிகுவாப்பா அச்சம் தரும் பேய் அன்று. ஆள் உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கும் பெண். அவள் மேனியில் மயிரும் இலையும் மலரும் இறகும் பின்னிப் படர்ந்திருக்கும். தாளின்மீது வண்ணத்தைச் சிந்தி, ஒன்றனோடொன்று தானே கலக்கவிட்டு அவ்வுடலை ஆக்குகின்றார். ஆதலின் அவள் நிறம் யாது என எவராலும் ஒரு சொல்லாற் கூறல் இயலாது. அடிச்சுவடு பார்த்து அவள் பிறப்பிடம் அறிவோம் என்பாரும் ஏமாறுவர். பிறப்பின் மூலத்தைத் தேடிப் பிடித்து மக்களை நாடுகடத்தும் தேசத்தில், பிடிபடாப் பாதமுடையாளை நாயகியாக்கியது எத்துணை நுட்பம்! 2018-ஆம் ஆண்டில், டொமினிக்க மக்கள் மிகுதியாக வாழும் நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில், 163-ஆம் தெருச் சுரங்க இரயில் நிலையத்தில், பல்வண்ணச் சில்லுகளைப் பதித்து ஆக்கிய சிகுவாப்பா நிறுவப்பெற்றனள். மலையில் மறைந்திருந்தவள் நாள்தோறும் தொழிலுக்குச் செல்லும் மக்கள் நடுவே நிற்கின்றனள்.

2011-ஆம் ஆண்டில் இவர் ஆக்கிய மற்றொரு படைப்பும் குறிக்கத்தக்கது. அமெரிக்கக் கருநிற மக்களின் சில கழகங்களில், பழுப்புநிறக் காகிதப் பையினும் வெளிறிய மேனியுடையாரையே உள்ளே விடும் வழக்கம் முன்னாளில் இருந்தது. டொமினிக்க நாட்டிலோ, விசிறியின் முன் நிறுத்தி, கூந்தல் காற்றில் அசையின் மேலோர் எனவும் அசையாதாயிற் கீழோர் எனவும் கொள்ளும் சோதனை பேசப்பட்டது. அம்மையார் ஒரு திங்கள் முழுதும், நாள்தோறும் தம் நிழலுருவைத் தீட்டினர். தம் முன்கையின் நிறத்தை அன்றன்று பார்த்து வண்ணம் கலந்தனர். அன்றைய கூந்தல் எவ்வாறிருந்ததோ அவ்வாறே வரைந்தனர். முகத்திற் கண்களை மட்டும் திறந்து வைத்தனர். ஒரே பெண்ணின் உருவங்கள் வெயிலுக்கும் பருவத்திற்கும் ஏற்ப நிறம் மாறி வரிசையாய் நிற்கின்றன. இவ்வுருவங்களுள் எதனை உள்ளே விடுவது, எதனைப் புறத்தே நிறுத்துவது? சோதனையின் அறியாமை ஒரு சொல்லும் இன்றியே வெளிப்பட்டுவிடுகின்றது.

இவர் பழைய நூல்களின் தாள்கள்மீதும் பழைய தேசப்படங்கள்மீதும் வரையும் வழக்கமும் உடையவர். நூலகங்கள் கழித்துவிட்ட ஏடுகளிற் சித்திரம் எழுதி ‘நாடற்ற மனிதன்’ என்னும் பெரும்படைப்பை 2014, 2015-ஆம் ஆண்டுகளில் ஆக்கினர். அதன் தலைப்பில் அர்த்திபொனீத் ஆற்றின் பெயரும் உண்டு. அவ்வாறு டொமினிக்க மலைகளிற் பிறந்து ஹெய்ட்டிக்குட் பாய்ந்து கடலிற் கலப்பது. நதிமூலம் ஒரு நாட்டிலும் நதிமுகம் மற்றொரு நாட்டிலும் இருத்தலை எவரும் குற்றமாகக் கூறார். மக்கள் அவ்வாறிருப்பின் மட்டும் குற்றமாயிற்று. பழைய ஏட்டின் எழுத்தை அவர் அழிப்பதில்லை; அதன்மேல் வரைந்த உருவத்தினூடே கீழுள்ள எழுத்தும் தெரியும். ஏடு கூறியதும், ஏடு கூறாது விட்டதும் ஒரே தாளில் ஒருங்கே காட்சியளிக்கும்.

ஐயமும் விடையும்

‘குடும்ப நினைவு மெய்யாயிருத்தல் வேண்டுமோ? பாட்டி கூறியதெல்லாம் வரலாறாகுமோ?’ என ஒருவர் வினவலாம். தக்க வினாவே. பிரீடா காலோ அம்மையார் தம் தந்தையாரை ஹங்கேரிய யூத மரபினர் எனக் கூறிவந்தனர். ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இருவர் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால், அவர் முன்னோர் லூத்தரன் கிறிஸ்தவராகிய ஜெர்மானியரே எனத் தெரியவந்தது. எனின், அந்நினைவு பயனற்றதோ? அன்று. யூதர் வேட்டையாடப்பட்ட காலத்தில், தம்மை அவரோடு சேர்த்து எண்ணிய ஒரு பெண்ணின் உள்ளத்தை அது காட்டுகின்றது. நிகழ்ந்தது யாது என்பதற்கு ஏடு சான்று. நிகழ்ந்ததை மக்கள் எவ்வாறு தாங்கினர் என்பதற்கு நினைவே சான்று. ஒன்றன் தொழிலை மற்றொன்றிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது.

‘நாடோடிக் கதை மூடநம்பிக்கையன்றோ? கற்றார் அதனைப் போற்றலாமோ?’ என்பது மற்றொரு வினா. மேற்கூறிய கலைஞர் ஒருவரும் பேயை நம்புமாறு நம்மை வேண்டவில்லை. கதையைக் கருவியாகவே கொண்டனர். வேண்டுமிடத்து அதன் பொருளைத் தலைகீழாகவும் மாற்றினர். பெண்ணை அடக்கும் கதை பெண்ணை விடுவிக்கும் கதையாயிற்று.

பிறிதொன்றும் கூறல் வேண்டும். இருகுடி மரபு எங்கும் அன்பினாலும் மணத்தினாலும் தோன்றியதன்று. கரும்புத் தோட்டங்களில் அடிமைப் பெண்டிர் பட்ட கொடுமையாலும், குழந்தைகளைக் கவர்ந்த சட்டத்தாலும் தோன்றிய கலப்பும் உண்டு. ஆகவே, ‘இரு மரபும் இனிது கலந்தன’ என்று பாடிவிடுதல் உண்மைக்கு மாறாகும். இக்கலைஞர் அவ்வாறு பாடினாரல்லர். பிரீடாவின் நாடா இரு கிளையாகவே நிற்கின்றது. சுந்தரத்தின் படங்களில் ஒட்டிய இடம் கண்ணுக்குப் புலப்படுகின்றது. மோபட் அம்மையாரின் கதையில் இரு குரல்களும் இசையாது ஒலிக்கின்றன. பாயெஸ் அம்மையாரின் வண்ணத்தின் கீழே பழைய எழுத்துத் தெரிகின்றது. தையலை மறைக்காத தையற்காரர் இவர். இதுவே இவர்தம் நேர்மை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கலப்பு மரபினர்க்கு நாடோடிக் கதையும் குடும்ப நினைவும் பொழுதுபோக்கு அல்ல என்பதும், ஏடுகள் மறுத்த இடத்தை அவையே அளித்தன என்பதும் விளங்கும். கதை மறக்கப்படின் எஞ்சி நிற்பது தாளிலுள்ள கட்டம் ஒன்றே. அக்கட்டத்தை நிரப்புவோர் பெரும்பாலும் பிறரே.

கல்லூரி மாணவராகிய நாம் இலக்கண இலக்கியங்களை ஏட்டிற் பயில்கின்றோம். வீட்டிலுள்ள முதியோர் வாய்மொழியை ஏடாகக் கருதுவதில்லை. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் மீண்ட குடும்பங்கள் நம்மிடையே பல உள. அவற்றுட் சிலவற்றில் வேற்றுமொழி பேசிய பாட்டியர் இருந்தனர்; அவர் பாடிய தாலாட்டும் கூறிய கதையும் எம்மொழியின என்று கேட்டறிந்த பேரர் சிலரே. வரும் விடுமுறையில் வீடு செல்வோர், முதியோர் அருகில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் கூறுவதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. அக்குறிப்பேட்டிற் கட்டங்கள் வரைய வேண்டுவதில்லை.